மச்சம் இருக்கும் பக்கம்

ஜூன் 3, இரவு

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மியூசியத்தில் உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் காட்ட வேண்டாம், எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் சொல்ல வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் என் அக்காவாக இல்லாவிட்டால் இந்த வரியோடு நிறுத்திவிடுங்கள். தெரியாமல் எழுதிய ஒரு சின்னப் பெண்ணை மன்னித்துவிடுங்கள்.

அக்காவாக இருந்தால் மேலே படி. இனி ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன்.

இன்று எங்கள் வகுப்பை உங்கள் மியூசியத்துக்குக் கூட்டிவந்தார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம். வரலாற்று டீச்சருக்கு நாங்கள் தேதி டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்தப் பொருளைக் காட்டினாலும் அது என்ன என்று சொல்லமாட்டார், எந்த வருடம் என்று மட்டும் சொல்வார். வாசலில் பீரங்கி, பெரிய பெரிய தூண்கள், ஜன்னல் திண்டில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத் தடித்த சுவர். வெள்ளைக்காரர்கள் காலத்தில் அது சுங்க அலுவலகமாம். மூட்டை நிறுக்கும் தராசில் நாங்கள் ஏறி நிற்காமல் இருக்க ஒரு டீச்சரைக் காவலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. என் சிநேகிதி வாத்து, “டீச்சர், கூரையை ஏன் இவ்வளவு உயரத்துல கட்டினாங்க?” என்று கேட்டாள். வெயிலுக்காக என்றார் டீச்சர். “இல்லே டீச்சர், படத்துல பாருங்க, எல்லாரும் தொப்பி போட்டிருக்காங்க. இடிக்கும்னுதான்” என்றாள். அதற்காக அவள் பாதி மியூசியத்தை வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

நான் டாய்லெட் தேடிப் போனேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் ‘உள்ளே வராதீர்’ என்று ஒரு கதவு. பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

நான் கத்தவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு முக்காலியில் யாரோ ஒரு பெண், ஒரு காலை மடித்துப் போட்டு, கன்னத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பல்லில் ஒரு தூரிகையைக் கவ்விக்கொண்டு, இன்னொரு தூரிகையால் அம்மாவின் புருவத்தை எழுதிக்கொண்டிருந்தாள். முதுகை மட்டும்தான் பார்த்தேன். பிறகு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. அந்த முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்பாவுக்கு எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றி ‘காயில்’ கட்டத் தெரியும், பொம்மை செய்யத் தெரியாது. எனக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் நீதான். நீ ஓவியக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனபோது எனக்கு ஆறு வயது. உன் முதுகு எனக்கு நினைவில் இல்லை, மன்னித்துக்கொள்.

அக்கா, நீதானா? நீ என்றால் ஒரே ஒரு வரி போடு. வீட்டு விலாசத்துக்குப் போடாதே. உன் பேச்சை யாராவது எடுத்தால் அப்பா, “எனக்குக் கைக்குள்ள இருக்கிறது ஒரே பொண்ணு” என்று சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போய்விடுவார். கடை என்றால் நம் வீட்டு முன்னறைதான், அதனால் எழுந்துபோவதும் பெரிய தூரமில்லை. ஆனால் அன்று முழுவதும் பேசமாட்டார். பின்னால் எழுதியிருப்பது வாத்து வீட்டு விலாசம். அவள் அம்மா தபாலைப் பிரித்துப் பார்க்கும் ரகமில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னிடம் அம்மாவின் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் மச்சம் அம்மாவின் இடது கன்னத்தில் இருக்கிறது. நீ செய்த பொம்மைக்கு வலது கன்னத்தில் வைத்திருக்கிறாய். ஏன்?

விளக்கு மேல் துண்டைப் போட்டு எழுதுகிறேன். துண்டு சூடாகி வாசனை வருகிறது. நிறுத்துகிறேன்.

•

ஜூன் 7

சில்வண்டுக்கு,

உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன், நினைவிருக்கிறதா? ராத்திரி எல்லோரும் படுத்த பிறகுதான் நீ ஆரம்பிப்பாய். இப்போதும் ராத்திரியில்தான் எழுதுகிறாய் போலிருக்கிறது.

நான்தான். அன்று கதவுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு வெள்ளை ஷூவும் ஒரு பின்னலும் மட்டும் தெரிந்தன. யாரோ பயந்தாங்கொள்ளிக் குழந்தை என்று நினைத்து இங்கிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

உன்னை மொட்டைத் தலையோடு பயமுறுத்தியதற்கு அம்மாவின் சார்பில் மன்னிப்பு. முடியைக் கடைசியில்தான் வைப்போம். முதலில் களிமண்ணில் முகம், அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து ஃபைபர் தலை. தலையின் மேல் மெழுகு பூசி, ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி ஏற்ற வேண்டும். இந்த வாரம் முன்நெற்றி வரை வந்துவிட்டாள். இந்த அறை பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல அமையப்போகிறது. கம்பிகளைச் செருகி அழைப்பை இணைத்துவிடும் பெண் வேண்டும் என்றார்கள். யார் முகம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார் எங்கள் தலைமைக் கலைஞர். அம்மா டெலிபோன் பக்கமே போனதில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை வெளுத்தே அவள் கை வெந்துபோயிருந்தது. ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை அவளுக்குக் கிடைக்கட்டுமே என்று தோன்றியது.

மச்சம் வலது பக்கம்தான். நான் பதினாறு வருடம் தினமும் காலையில் பார்த்த மச்சம் அது. உன் போட்டோவை எந்தக் கடையில் எந்தத் தூங்குமூஞ்சி நெகடிவைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டானோ.

ஜூன் 21 அன்று அறையைத் திறக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் சாமான்களைக் கட்டும் வேலை. 28, சனிக்கிழமை காலை ரயிலில் எங்கள் குழு முழுவதும் கிளம்புகிறது. அடுத்த வேலை கடல் தாண்டி, இரண்டு வருட ஒப்பந்தம். அதனால் நீ என்னைக் கண்டுபிடித்தது சரியான நேரமா, தப்பான நேரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதை உன் சித்தியிடம் காட்டாதே. அம்மா படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அந்த வீட்டுக்குள் வந்தவளுக்கு, அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிய வேண்டாம்.

அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை.

இன்னும் கம்பி சுற்றி எண்ணும்போது அவர் உதடு அசைகிறதா?

அக்கா

•

ஜூன் 9, இரவு

அக்கா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து ஏழு தடவை படித்தேன். இன்று எனக்குக் கணக்கில் ரொம்ப ஆர்வம் என்று டீச்சர் பாராட்டினார்.

உதடு அசைகிறது. சத்தமும் கொஞ்சம் வருகிறது. அவர் எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்பது இன்னும் சட்டம்தான். நடுவில் பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும், கம்பியைப் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். நான் அதற்கு வேறு ஒரு உபயோகம் கண்டுபிடித்திருக்கிறேன். சொன்னால் திட்டு விழும் என்கிற விஷயம் எல்லாவற்றையும் அவர் எண்ணும்போதுதான் சொல்வேன். பதில் சொல்ல முடியாது பார். போன வருடம் அறிவியலில் ஃபெயில் ஆனதை ஒரு மிக்சி மோட்டாரின்போது சொன்னேன். முறைத்துக்கொண்டே எண்ணினார். முடிப்பதற்குள் கோபம் பாதி ஆறிவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. நீ சித்தியைப் பற்றி எழுதியது சரியில்லை.

அம்மா போட்டோவை எனக்குக் கொடுத்ததே சித்திதான். போன வருடம் கடையைக் கூட்டும்போது, அப்பாவின் மேஜை இழுப்பறையில், செம்புக் கம்பிச் சுருள்களுக்கு அடியில் இருந்ததாம். “உங்கம்மாவை நீ பார்த்திருக்கணுமா வேண்டாமா?” என்று என் கையில் கொடுத்தாள். அப்பா தேடினால் என்ன செய்வது என்றேன். “எலி தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிக்கறேன். எலி மேல அவருக்கு ஏற்கனவே நல்ல அபிப்பிராயம் கிடையாது” என்றாள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உன் பெயரைச் சொல்லாமல், சுவரில் இருந்த படத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். சித்தி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “நான் வந்தப்பவே சுவர்ல வெறும் ஆணிதான் இருந்துச்சு. ஆணியைச் சுத்தி வெள்ளையா ஒரு சதுரம். உங்கக்கா வந்து என்னைக் கேட்டா, எங்கம்மாவை எங்கே போட்டேன்னு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல?” என்றாள். பிறகு, “உங்கப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்குப் பதிலா அந்தப் பொண்ணை ஒரு அறை விட்டார்” என்றாள். அவர் உன்னை அடித்தது எனக்கு இதுவரை தெரியாது. நீயும் உன் கடிதத்தில் எழுதவில்லையே, அக்கா.

நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம், ஒரு தண்ணீர் பம்புக்கு அவர் சுற்றிக்கொண்டிருக்கும்போது. மியூசியத்தில் அம்மா போலவே ஒரு பொம்மை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். யார் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை.

“நூத்திப் பன்னிரண்டு” என்றார். அடுத்த சுற்றுக்கும் “நூத்திப் பன்னிரண்டு” என்றார். அதற்கு அடுத்ததற்கும். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“மச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

“எந்தப் பக்கம்?”

வலது என்றேன்.

“அப்போ அது உங்கம்மா இல்லே” என்று சொல்லிவிட்டு, சுற்றிய கம்பி முழுவதையும் பிரித்தார்.

அக்கா, ஒரு சின்னப் புள்ளிதானே? மாற்றி வைத்துவிடேன். வைத்தால் அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நீ கப்பல் ஏறுவதற்குள் அவர் உன்னைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

•

ஜூன் 13

சில்வண்டு,

ரயில் என்றுதான் எழுதினேன், கப்பல் இல்லை. ரயிலில் போய் அங்கிருந்து விமானம். உன்னை ஏன் திருத்துகிறேன் என்றால், மற்றவற்றுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

“அது உங்கம்மா இல்லே” என்றாராமே. அவர் சொன்னால் சொல்லட்டும். அவருக்கு இதுவே வழக்கம். ஹாஸ்டலிலிருந்து நான் அவருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. மேலே ‘பெறுநர் இங்கு இல்லை’ என்று எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்தில். தான் வீட்டில் இல்லை என்று தன் கையாலேயே எழுதித் தபால்காரரிடம் கொடுத்த மனிதர் அவர். ஒரு மச்சத்தைப் பற்றி அவரிடம் நான் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

இங்கேயும் சண்டைதான். வாயை ஏன் மூடி வைத்தாய் என்கிறார் தலைமைக் கலைஞர். “ஊரே இவளைக் கூப்பிட்டுக் காத்துக்கிட்டிருக்கு, இவ என்னடான்னா உதட்டை இறுக்கி உக்காந்திருக்கா. நம்பர் சொல்லணும்மா அவ! கோவிச்சுக்கிட்டவ மாதிரி இருக்கா” என்கிறார். கோபமில்லை, அந்த உதடு அப்படித்தான் என்றேன். தலையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதாம், கண் எதிரே பலகையைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்க்கிறதாம். எனக்கு அவளை வேறு மாதிரி செய்யத் தெரியவில்லை. களிமண்ணைத் தொட்டால் கை தானாக அங்கேதான் போகிறது.

மச்சத்தை மாற்றமாட்டேன். பிடிவாதம் என்று நினைத்துக்கொள். அம்மா போன பிறகு என்னிடம் அவள் படம் ஒன்றுகூட இல்லை. வெறும் மனசில் வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாக அந்த முகம் கலையாமல் காப்பாற்றியிருக்கிறேன். அதில் ஒரு புள்ளி தப்பு என்றால், மற்றதெல்லாம் சரி என்று நான் எதை வைத்து நம்புவது?

போதும். அப்பாவிடம் இனி ஒன்றும் சொல்லாதே. உனக்கு அடி விழுந்தால் நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்வேன்? நான் 28ஆம் தேதி போய்விடுவேன். நீ நன்றாகப் படி. அறிவியலையும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெறும் ஆணிதான் இருந்தது என்று உன் சித்தி உண்மையிலேயே சொன்னாளா? சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, காயைப் பார்த்துச் சொன்னாளா?

அக்கா

•

ஜூன் 16, இரவு

அக்கா அக்கா அக்கா,

காயைப் பார்த்துத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் விரல் போயிருக்கும்.

இப்போது நான் எழுதுவதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

இன்று காலையில் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பீரோக் கண்ணாடி முன்னால் நான் ஸ்டூலில் உட்காருவேன், அவள் பின்னால் நிற்பாள். ஹேர்பின்னையெல்லாம் உதட்டில் கடித்து வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டாள், எல்லாமே ‘ம்ம்’தான். நேராக உட்கார் என்பதற்கு ஒரு ம்ம், ரிப்பனை எடு என்பதற்கு ஒரு ம்ம். நான் சும்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் கீழே, என் பின்னலில். உதடு இறுக்கமாக.

எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தது. யார் என்று யோசித்தேன். சித்திக்கும் அம்மாவுக்கும் ஒரு ஜாடையும் கிடையாது. ஆனாலும் அது உன் பொம்மைதான்.

சித்திக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் விழுந்தது. கண்ணாடியில் அது என் இடது கைப் பக்கம் தெரிந்தது. சட்டென்று திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். தழும்பு என் வலது கைப் பக்கம் போய்விட்டது. மறுபடி கண்ணாடி, மறுபடி நேராக. பின்னல் அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. “ம்ம்ம்!” என்று கத்தினாள். அது ‘ஆடாதே சனியனே’ என்பதற்கான ம்ம்.

அக்கா, அம்மா உனக்குத் தினமும் தலை பின்னிவிடுவாளா? கண்ணாடி முன்னால்தானே?

நீ அம்மாவை முன்னால் வைத்துப் பார்க்கவில்லை. பின்னால் வைத்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாய். உன் பொம்மை கோபமாக இல்லை. அவள் வாயில் ஹேர்பின் இருக்கிறது.

உன் மனசில் இருப்பதும் தப்பில்லை, போட்டோவும் தப்பில்லை. அப்பா சொன்னதும் தப்பில்லை.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. சித்தி பின்னையெல்லாம் துப்பிவிட்டு, “என்னடி ஆச்சு உனக்கு? யாரு என்ன சொன்னாங்க?” என்று என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நீ யாரிடமும் காட்டாதே என்றாய், நானும் உன்னிடம் அப்படித்தான் கேட்டேன், ஆனால் அவள் அப்படிக் கேட்கும்போது என்னால் மறைக்க முடியவில்லை.

சித்தி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “ஏழு வருஷமா அந்தப் பொண்ணு என்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பா, பாவம், அதுக்கும் தெம்பு வேணுமே” என்றாள். அவள் கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

அப்பாவிடம் நீயே சொல் என்றேன். “நான் சொன்னா நான் கிளறிவிட்டதா ஆயிடும். நீ சொல்லு. அவர் சுத்தும்போது சொல்லு” என்றாள். அந்த உபயோகம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது!

எனக்குப் பயமாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மோட்டார் வருகிறது. அதில் நிறையச் சுற்று. அப்போது சொல்லப்போகிறேன்.

•

ஜூன் 20

என் சில்வண்டுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். முக்காலியில், அவளுக்கு எதிரே.

ஆமாம். தினமும். சலவைப் பகுதி ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால். மற்ற நேரமெல்லாம் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள், முகத்தை நின்று பார்க்க விடமாட்டாள். துணியோ பாத்திரமோ நடுவில் இருக்கும். அந்தப் பத்து நிமிடம் மட்டும் எனக்குப் பின்னால் அசையாமல் நிற்பாள். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவள் ம்ம் என்பாள். சில ‘ம்ம்’களுக்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உனக்கும் தெரிந்திருக்கிறது, வேறொருத்தி வாயிலிருந்து.

படித்து முடித்ததும் ஒப்பனை மேஜையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். கண்ணாடிக்குள் மச்சம் இடது கன்னத்துக்கு வந்தது. உன் போட்டோவில் இருக்கிறபடி, அப்பா சொல்கிறபடி. சரியான அம்மா. ஆனால் என் கண்ணுக்கு அவள் யாரோ போல இருந்தாள். கண்ணாடியைக் கீழே வைத்தேன். மறுபடி என் அம்மா வந்துவிட்டாள்.

தலைமைக் கலைஞரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிய உருவம், மீசை, பேசினால் ஜன்னல் அதிரும். அன்று பொம்மையைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். பிறகு, “அரை மணி நேர வேலை. மச்சத்தை அந்தப் பக்கம் மாத்திடலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “வாய்?” என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். “சரி. ஊர்க்காரங்க காத்திருக்கட்டும். தலை பின்னி முடிச்சுட்டு லைன் குடுப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் அவள் அப்படியே இருப்பாள். நீ கேட்டதை நான் செய்யவில்லை. அப்பாவை வரவழைக்க ஒரு புள்ளியை இடம் மாற்றினால் போதும் என்று நீ நினைத்தாய். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அவர் பார்த்த அம்மாவை அவர் வைத்துக்கொள்ளட்டும், கம்பிச் சுருளுக்கு அடியிலாவது. நான் பார்த்தவள் இவள்தான்.

நாளை அறையைத் திறக்கிறார்கள். நான் பின்னறையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பேன். 28க்குப் பிறகு இங்கே எழுதாதே. புது விலாசம் கிடைத்ததும் வாத்து வீட்டுக்கு எழுதுகிறேன்.

உன் சித்திக்கு என்ன சொல்வது என்று நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த ஆணியைப் பற்றி நான் கேட்டதாகச் சொல். இல்லை, அப்படிச் சொல்லாதே. என் தங்கைக்கு யார் தலை பின்னுகிறார்கள் என்று ஏழு வருடமும் யோசித்திருக்கிறேன், இப்போது தெரிந்துவிட்டது, நிம்மதியாக இருக்கிறது என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லத்தான் போகிறாய் என்று தெரியும். என் பேச்சை நீ எப்போது கேட்டாய்? சொன்னால், என்னைப் பார்க்க வரும்படி கேட்காதே. அவர் மறுத்துவிட்டார் என்கிற செய்தியோடு நான் ரயில் ஏற விரும்பவில்லை. கேட்காமலே போய்விட்டேன் என்றால், அதைத் தாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா

•

ஜூன் 24, இரவு

அக்கா,

இதை நாளைக் காலையில் வாத்து தபாலில் போடுவாள். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று அவள் சத்தியம் செய்கிறாள். அவள் சத்தியத்தை நம்பி நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன், ஆனாலும் வேறு வழியில்லை.

உன் கடைசிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. சித்திக்கு நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். “இப்படி வந்து உக்காரு” என்று சொல்லி, பின்னிய தலையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டாள், வலித்தது.

அப்பாவிடம் சொன்னது இப்படி. பெரிய மோட்டார், அவர் நடுவில் இருந்தார். பொம்மையைச் செய்தது அக்கா என்றேன். எண்ணிக்கொண்டே இருந்தார். அக்கா அம்மாவைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள், தலை பின்னும்போது, அதனால்தான் மச்சம் அந்தப் பக்கம் என்றேன். எண்ணிக்கொண்டே இருந்தார். எங்கேயும் விடவில்லை, திரும்பவும் சொல்லவில்லை. முழுவதையும் சுற்றி முடித்து, நுனியை வெட்டி, நாடா சுற்றி, காயிலை மேஜைமேல் வைத்தார்.

“தலை பின்னிக்கும்போது அவ வாயை மூடவே மாட்டா” என்றார். “பேசிக்கிட்டே இருப்பா. உங்கம்மாவுக்கு ஷிஃப்டுக்கு நேரமாயிடும்.” அவ்வளவுதான். எழுந்து போய்க் கையைக் கழுவினார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

இன்று கடை திறக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் வீட்டில் இல்லை. “மோட்டார் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனார்” என்றாள் சித்தி. “மோட்டார் வாங்கப் போறவர் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடுவாரா? தலையைப் படிய வாரிட்டுப் போவாரா? மோட்டார் என்ன இவரைப் பார்த்து மயங்கவா போகுது?” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இருட்டிய பிறகு வந்தார். கையில் மோட்டார் இல்லை. சாப்பிட உட்கார்ந்தார். அடிப்பிடித்த குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நானும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“வாயில பின் இருக்கிற மாதிரிதான் இருக்கா” என்றார். தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். “அப்படியே நிக்கிறா. உக்கார வெச்சிருக்காங்க, ஆனா நிக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது.”

சித்திதான் கேட்டாள். “பொண்ணைப் பார்த்தீங்களா?”

“பின்னறைக் கதவு வரைக்கும் போனேன்.”

“அப்புறம்?”

“‘உள்ளே வராதீர்’னு எழுதியிருந்துச்சு.”

“எழுதியிருந்தா? தட்டியிருக்கலாம்ல!”

“உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுது” என்றார் அப்பா. “அவ குரல்தான். யாரையோ அதட்டிக்கிட்டிருந்தா, ஆணியைச் சரியா அடிங்கன்னு. கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு நின்னேன். தட்டினா நிறுத்திடுவாளேன்னு…”

எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். கோபமாகப் போகும் நடை இல்லை அது. சித்தி அவர் தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா, அவர் உன் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். நீ உள்ளே பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நடுவில் ஒரு பலகைதான். நீ அவரைக் கேட்காதே என்றாய், நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் வந்தார். இதை உன்னிடம் சொல்லாமல் நீ ரயில் ஏறிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். நீ போனாலும் இது தெரிந்துகொண்டு போ. நான் சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு எப்படி வருவது என்று வாத்துவோடு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். அதில் வயிற்றுவலி, அவள் மாமா, முதல் பஸ் எல்லாம் வருகிறது. சரிவருமா என்று தெரியவில்லை, சரிவராவிட்டால் நீ

கதவைத் தட்டுகிறார்கள்.

சித்தி இல்லை. சித்தி தட்டமாட்டாள், நேராகத் தள்ளிக்கொண்டு வருவாள். துண்டை எடுத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன்.

“அணைக்காதே” என்கிறார் அப்பா, வெளியிலிருந்து. “எழுதி முடிச்சிட்டியா? உறையை ஒட்டிடாதே. அடியில கொஞ்சம் இடம் விடு, நானும் ரெண்டு வரி எழுதணும்.”